அலுவலக நாற்காலி யாருக்குப் பொருந்தும்? அளந்து பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவ இறுதித் தேர்வின் முடிவு வெளியாகும் வாரத்தில், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் வீட்டுக்கு வீடு ஒரே அறிவுரைதான் கேட்கும்: "எப்படியாவது ஓர் அரசாங்க வேலையில் உட்கார்ந்துவிடு." கால் தரையில் பாவாத பையனுக்கும் இதைத்தான் சொல்கிறோம்; ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரம் மடங்கினால்கூட மனம் பொறுக்காத பெண்ணுக்கும் இதைத்தான் சொல்கிறோம். யாருக்கு அந்த நாற்காலி பொருந்தும் என்று நாம் கேட்பதே இல்லை. மூன்று வருடம் கழித்து ஒருவன் வேலையை விட்டுவிட்டு வந்தால், "இவனுக்குப் பொறுமை இல்லை" என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

பொருத்தத்தை ஓரளவுக்கு அளக்க முடியும். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பணியைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர்கள், இளைஞர் மன்றப் பொறுப்பாளர்கள், கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தும் அண்ணன்மார், அக்காமார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கட்டுத் தாள், பென்சில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகள், நிறையப் பொறுமை, இவை போதும்.

எதை அளக்கப் போகிறோம்

இதைத் தெளிவாக்காமல் கேள்வித்தாள் தயாரிக்க உட்காராதீர்கள். நான் பார்த்த வீண் முயற்சிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்கின.

அரசாங்க அலுவலகம் போன்ற அதிகாரப் படிநிலை அமைப்பு என்றால் என்னவென்று ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் விரிவாக எழுதிவைத்தார். 1920-இல் அவர் மறைந்த பிறகே அந்த எழுத்தின் பெரும்பகுதி அச்சானது. மேலிருந்து கீழாகத் தெளிவான அதிகார வரிசை, எழுதிவைக்கப்பட்ட விதிகள், ஒவ்வொருவருக்கும் எல்லை வகுத்த வேலை, எல்லாவற்றுக்கும் கோப்பு, தகுதி பார்த்து நியமனம், மாதச் சம்பளம், பதவி உயர்வு, வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் கோபமோ பாசமோ காட்டாமல் நடத்துவது. இவைதான் அவர் சொன்ன அடையாளங்கள். மாவட்ட அலுவலகம், மருத்துவமனைப் பதிவுப் பிரிவு, வங்கி, பெரிய தோட்ட நிறுவனத்தின் தலைமையகம் எல்லாம் ஏறக்குறைய இந்த வார்ப்பில்தான் இயங்குகின்றன.

தோட்டமும் ஒரு படிநிலைதானே என்று உடனே தோன்றும். துரை (தோட்ட நிர்வாகி), சின்ன துரை, பெரிய கிராணி (தலைமை எழுத்தர்), கண்டக்டர் (வெளிவேலை மேற்பார்வையாளர்), மண்டோர் (தொழிலாளர் குழுவின் கங்காணி), தொழிலாளி என்று படிக்கட்டு அங்கேயும் உண்டு. அந்தப் படிக்கட்டின் அடியில் வளர்ந்த பிள்ளைகள் அடங்கி நடக்கப் பழகியவர்கள், ஆகவே அலுவலகத்துக்கு அவர்கள் இயல்பாகவே பொருந்துவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். அது தவறு என்று எனக்குப் புரிந்தது ஒரு பெரட்டுக் களத்தில், அதாவது விடிகாலையில் தொழிலாளர்களின் வருகையைக் கணக்கெடுக்கும் இடத்தில்.

தோட்ட அலுவலகத்தில் கிராணியாகச் சேர்ந்த முதல் மாதம். விடியுமுன் பெரட்டு. மங்கலான விளக்கின் கீழ் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்தவர்களின் பெயருக்கு நேரே குறி போட்டுக்கொண்டிருந்தேன். நான் மாமா என்று கூப்பிடும் மண்டோர் அருகில் வந்து, வராத ஓர் ஆளின் பெயரைச் சொல்லி, "அவனுக்கும் இன்றைக்கு ஒரு பெயர் போட்டுவிடு, தம்பி. வீட்டில் கஷ்டம்" என்றார். போட்டுவிட்டேன். அவர் பெரியவர், நல்லவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். வாரக் கடைசியில் கணக்கு இடித்தபோது பெரிய கிராணி என்னைத் திட்டவில்லை. செக்ரோலில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இது யார் சொன்னது? மண்டோரா, புத்தகமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆளுக்குக் கட்டுப்படுவது ஒன்று, விதிக்குக் கட்டுப்படுவது வேறொன்று. நான் முதலாவதில் முழு மதிப்பெண் வாங்கக்கூடியவன். இரண்டாவதை அன்றைக்குத்தான் கற்கத் தொடங்கினேன். வேபர் சொன்ன அலுவலகம் இரண்டாவதைக் கேட்கிறது. நீங்கள் தயாரிக்கும் அளவுகோல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை என்றால், அது பயபக்தியை அளந்துவிட்டுப் பொருத்தம் என்று பெயர் சூட்டிவிடும்.

ஏற்கெனவே இருக்கும் அளவுகோல்கள்

அமெரிக்க உளவியலாளர் லெனார்ட் கோர்டன் 1970-இல் இத்தகைய அமைப்பின் பக்கம் ஒருவருக்கு உள்ள நாட்டத்தை அளப்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மேலதிகாரிக்குத் தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்தல், தன் வேலை எல்லைக்குள் நிற்றல், முகம் பாராமை, விதிப்படி நடத்தல், அமைப்பின் மரபோடு ஒன்றிப்போதல் என்று ஐந்து கூறுகளாக அவர் இதைப் பிரித்துப் பார்த்தார். நிர்வாகவியல் பேராசிரியர் ஆண்ட்ரூ டுப்ரின் தயாரித்தது இன்னும் எளியது. 20 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் உடன்பாடா இல்லையா என்று ஒரு பதில். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் இத்தகைய அமைப்பில் மகிழ்ச்சியாக இருப்பீர்கள், 5 அல்லது அதற்குக் கீழே வந்தால் மனம் நொந்துபோவீர்கள் என்பது அதன் கணக்கு. கல்லூரி நிர்வாகப் பாடப்புத்தகங்களில் இன்றும் அது இடம்பெறுகிறது.

இவற்றை மொழிபெயர்த்து அப்படியே கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அவை வேலை அனுபவமுள்ள அமெரிக்கர்களையும் வணிக மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இதுவரை எந்த அலுவலகத்திலும் உட்காராத 17 வயதுப் பிள்ளைக்கு "நிறுவனக் கொள்கை" என்பது வெறும் சத்தம். கூறுகளை எடுத்துக்கொள்ளுங்கள், கூற்றுகளை நம் ஊரிலிருந்து எழுதுங்கள்.

நான் கோர்டனின் கூறுகளில் நான்கை வைத்துக்கொண்டு ஐந்தாவதை மாற்றினேன். அமைப்பின் மரபோடு ஒன்றிப்போவதைப் பள்ளிப் பிள்ளையிடம் அளக்க வழியில்லை. அதற்குப் பதிலாக, ஒரே மாதிரியான வேலையைத் தளராமல் செய்யும் சீர்மையைச் சேர்த்தேன். ஆக ஐந்து கூறுகள்: மேல்-கீழ் ஒழுங்கு, விதி, வேலை எல்லை, முகம் பாராமை, சீர்மை. கூறுக்கு 4 கூற்று வீதம் 20 கூற்றுகள்.

கூற்றுகளை எழுதுவது

பிள்ளைகள் வாழ்ந்து பார்த்த காரியங்களை வைத்து எழுதுங்கள். நான் பயன்படுத்தும் கூற்றுகளில் சில:

"காற்பந்தாட்டத்தில் நடுவர் விதிப்படி எங்கள் அணிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வேன்."

"அவசரமாக இருந்தால் விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவது பெரிய தவறில்லை."

"வரிசையில் என் சொந்த மாமா நின்றாலும் அவருடைய முறை வரும்போதுதான் கூப்பிடுவேன்."

"எனக்குப் பிடித்த ஆசிரியர் கேட்டால், பள்ளி விதிக்குப் புறம்பானதாக இருந்தாலும் செய்துகொடுப்பேன்."

"ஒரே மாதிரியான 100 தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிபார்ப்பது எனக்கு அலுப்புத் தராது."

"இன்றைக்கு என்ன வேலை என்று தெரியாமல் காலையில் கிளம்புவதுதான் எனக்குப் பிடிக்கும்."

இரண்டாவது, நான்காவது, ஆறாவது கூற்றுகளைக் கவனியுங்கள். இவற்றுக்கு உடன்பட்டால் பொருத்தம் குறைகிறது. இப்படிப்பட்ட எதிர்க்கூற்றுகள் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பெரியவர் கொடுத்த தாளில் "இல்லை" என்று எழுதக் கூச்சப்படுவார்கள். எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டுவிடுவார்கள். எதிர்க்கூற்றுகள் கலந்திருந்தால் அந்த "ஆம்" தானாகவே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நான்காவது கூற்றுக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன். பெரட்டுக் களத்தில் நான் தோற்றது அந்தக் கூற்றில்தான்.

ஒரு கூற்றில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். "நான் அதிகாரிக்கும் விதிகளுக்கும் எப்போதும் கட்டுப்படுவேன்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். அதிகாரிக்கு ஆம், விதிகளுக்கு இல்லை என்பவர் எங்கே குறி போடுவார்? "எப்போதும்" என்ற சொல் வேறு. நேர்மையானவர் எவரும் அதற்கு உடன்பட முடியாது. எதிர்மறைக்குள் எதிர்மறை வைத்தும் எழுதாதீர்கள். "செய்யாமல் இருப்பது சரியில்லை" என்ற வாக்கியத்தைப் பாதிப் பேர் தலைகீழாகப் படிப்பார்கள்.

எழுதி முடித்ததும் நான்கைந்து பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வொரு கூற்றையும் அவர்கள் சொந்தச் சொற்களில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தடுமாறினால் கூற்றைத் திருத்துங்கள், பிள்ளையை அல்ல. தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்கு மலாயில் ஒரு படி தயாராக இருக்க வேண்டும். இரண்டு படிகளையும் இரு மொழியும் நன்றாகத் தெரிந்த இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்த்துவிடட்டும்.

தாளைக் கொடுக்கும் நாள்

பெற்றோரை வெளியில் உட்கார வையுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மா பின்னால் நின்றால் பிள்ளை அம்மாவின் பதிலைத்தான் எழுதும்.

"இது தேர்வு இல்லை. சரி, தப்பு என்று எதுவும் இதில் கிடையாது. எந்த அலுவலகத்துக்கும் இது போகாது" என்று தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளில் பெயர் வேண்டாம். ஓர் எண் போதும். முழு உடன்பாடு என்றால் 5, உடன்பாடு 4, இரண்டும் இல்லை 3, உடன்பாடில்லை 2, கொஞ்சமும் உடன்பாடில்லை 1. நேரம் குறிக்காதீர்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

ஒரு தாள் முழுக்க 3 என்று வந்தால் அந்தப் பிள்ளை உங்களை நம்பவில்லை என்று பொருள். தாளை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் டீ வாங்கிக்கொடுத்துப் பேசுங்கள்.

கூட்டுவதும் படிப்பதும்

நேர்க்கூற்றுக்கு அவர் போட்ட எண்ணை அப்படியே எழுதுங்கள். எதிர்க்கூற்றுக்கு 6-இலிருந்து அதைக் கழியுங்கள். 5 போட்டிருந்தால் 1, 2 போட்டிருந்தால் 4. ஒவ்வொரு கூறுக்கும் 4-க்கும் 20-க்கும் இடையே ஓர் எண் வரும். ஐந்தையும் கூட்டினால் 20-க்கும் 100-க்கும் இடையே.

புதியவர்கள் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கணக்கு விளங்குவதற்காக இரண்டு தாள்களை எழுதிக் காட்டுகிறேன். முதல் தாளில் மேல்-கீழ் ஒழுங்கு 18, விதி 8, வேலை எல்லை 11, முகம் பாராமை 9, சீர்மை 16. கூட்டினால் 62. இரண்டாவது தாளில் மேல்-கீழ் ஒழுங்கு 9, விதி 16, வேலை எல்லை 13, முகம் பாராமை 17, சீர்மை 7. அதுவும் 62.

ஒரே 62; ஆனால் இரண்டு பேரும் இரண்டு துருவம். முதல் ஆள் சொன்னதைச் செய்வார், சலிக்காமல் செய்வார், ஆனால் சொல்பவர் யார் என்று பார்த்துத்தான் செய்வார். நல்ல அதிகாரியின் கீழ் தங்கம். கையூட்டு வாங்கும் அதிகாரியின் கீழ் போனால் அவரோடு சேர்ந்து விழுவார். இரண்டாவது ஆளுக்கு விதியும் நியாயமும் முக்கியம். யார் சொன்னாலும் ஏன் என்று கேட்பார். ஒரே நாற்காலியில் நாள் முழுவதும் உட்கார முடியாது. சுகாதாரப் பரிசோதகர், அமலாக்க அதிகாரி, தணிக்கையாளர் போல வெளியில் சுற்றி விதியைப் பார்த்துக்கொள்ளும் வேலைகள் அவருக்கு ஏற்றவை. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் இருவரையும் ஒரே முகப்பிடத்துக்கு அனுப்பியிருப்போம்.

இத்தனைக்கு மேல் எடுத்தால் பொருந்துவார் என்று நீங்களாகக் கோடு கிழிக்காதீர்கள். கோடு கிழிப்பதற்கு, ஏற்கெனவே அலுவலகங்களில் பல வருடம் நிறைவாக வேலை செய்யும் பலரிடமும், வெறுத்து விட்டுவந்த பலரிடமும் இதே தாளைக் கொடுத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். ஊரில் இரு வகையினரும் இருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரியுங்கள். அதுவரை ஒருவரின் ஐந்து எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் அதே தாளை மறுபடியும் கொடுத்துப் பாருங்கள். ஒரு கூறில் ஒன்றிரண்டு எண் ஏறி இறங்குவது இயல்பு. 17 இருந்தது 9 ஆகிவிட்டால், அந்தக் கூறின் கூற்றுகளில் ஏதோ கோளாறு, அல்லது இடையில் அந்தப் பிள்ளையின் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. இரண்டையும் விசாரியுங்கள்.

பன்னிரண்டு தாள், நாற்பது நிமிடம்

தாளில் குறி போடுவது ஒரு மனிதர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் சொல்லும். கையால் என்ன செய்வார் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு தட்டில் காகிதங்களைக் குவித்து வைத்துவிட்டு "இன்று நீதான் இந்த மேசைக்கு அதிகாரி" என்று உட்கார வைக்கும் முறையை 1950-களிலேயே அமெரிக்க விமானப்படை அதிகாரிகளுக்காக உருவாக்கிவிட்டார்கள். இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

கற்பனையான ஓர் உதவித்தொகை அலுவலகத்துக்கு வந்த 12 தாள்களைத் தயாரியுங்கள். அதில் ஒரு பாரத்தில் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்களுக்குப் பதிலாக 11 இருக்கட்டும். இன்னொன்றில் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஒரு பிறந்த தேதியைக் காட்ட, கீழே எழுதியிருக்கும் பிறந்த தேதி வேறாக இருக்கட்டும். மூன்றாவதில் பெயருக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டை நகலில் வேறோர் எழுத்துக்கூட்டல். நம் குடும்பங்களுக்கு மிகவும் பழகிய தலைவலி. ஒன்றில் கையெழுத்து இல்லை. ஒன்று இந்த அலுவலகத்துக்கே உரியதல்ல, தவறி வந்தது. ஒன்று மிகவும் பரிதாபமான கடிதம், ஆனால் கடைசித் தேதி கடந்துவிட்டது. மற்றவை ஒழுங்கானவை. பக்கத்தில் ஒரே பக்கத்தில் எழுதிய ஏழெட்டு விதிகள். 40 நிமிடம்.

இருபதாவது நிமிடத்தில் ஊர்ப் பெண்மணி ஒருவர் உள்ளே வந்து, "பாப்பா, என் பாரத்தை மட்டும் மேலே எடுத்து வைத்துவிடேன்" என்று கேட்க வேண்டும். உண்மையாகவே பிள்ளைக்குத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. கேள்வித்தாளில் சீர்மையில் அவளுக்கு 8-தான் வந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்கள், அத்தை. உங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆனால் இங்கே கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, இப்போதே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் முறை வந்த பிறகும் திரும்பிப் போக வேண்டியிருக்கும்" என்று சொல்லி, பேனாவை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள். முறையை மாற்றவில்லை. முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. வரிசையில் இருந்த நான்கு பேருக்கும் அநியாயம் செய்யாமல் அத்தைக்கு ஒரு பயணத்தை மிச்சப்படுத்திவிட்டாள்.

இதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த நாட்டிலேயே பிறந்தும் ஒரு பத்திரம் சரியாக இல்லாத குறையால் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்த பாட்டிமாரை எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பார்த்து வளர்ந்தவன் நான். ஒவ்வொரு முறையும் முகப்பிடத்தில் "இது சரியில்லை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள்; எது சரியில்லை என்று விரல் வைத்துக் காட்ட ஒருவர் இருந்திருந்தால் போதும். பொருத்தத்தை அளக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான். அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது அதற்கு எதிரே நிற்பவரின் வாழ்க்கை.

பயிற்சியின்போது நீங்கள் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிழைகளில் எத்தனையைக் கண்டுபிடித்தார், தன் அதிகாரத்துக்கு மீறியதை மேலே அனுப்பினாரா அல்லது தானே முடிவெடுத்தாரா, குறுக்கே வந்தவரிடம் என்ன சொன்னார். மூன்றாவதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். முடிந்தால் இருவர் தனித்தனியே குறித்துக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள்.

அலுவலகத்தையும் அளக்க வேண்டும்

பொருத்தம் என்றால் இரண்டு பக்கம் உண்டு. சட்டை பொருந்தவில்லை என்றால் உடம்பை மட்டும் அளந்தால் போதாது.

எல்லாப் படிநிலை அலுவலகமும் ஒன்று போல இருக்காது. ஆல்வின் கூல்ட்னர் என்ற சமூகவியலாளர் ஓர் அமெரிக்க ஜிப்சம் சுரங்கத்தையும் அதன் தொழிற்சாலையையும் ஆராய்ந்து 1954-இல் வெளியிட்டதை இங்கே நினைத்துப் பார்ப்பது நல்லது. ஒரே நிறுவனம், ஒரே நிர்வாகம். தரைக்கு மேலே இருந்த தொழிலாளர்கள் புதிய கெடுபிடிகளை ஏற்றுக்கொண்டார்கள், நிலத்துக்கு அடியில் வேலை செய்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். செம்பனைக் குலை வெட்டும் அப்பாவும், ஆலையில் எடை எழுதும் சித்தப்பாவும் ஒரே நிர்வாகத்தைப் பற்றி வேறு வேறு விதமாகப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. விதிகளிலும் மூன்று வகையை அவர் கண்டார்: எழுதியிருந்தும் யாரும் பொருட்படுத்தாத விதி, பாதுகாப்பு விதி போல இரு தரப்பும் மதிக்கும் விதி, ஒரு தரப்பு மற்றதைத் தண்டிக்கப் பயன்படுத்தும் விதி. விதியில் 18 எடுத்த பிள்ளையை மூன்றாம் வகை விதிகள் நிறைந்த இடத்துக்கு அனுப்பினால் அது ஆறு மாதத்தில் உடைந்துபோகும்.

ஆகவே பிள்ளையை அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். வரிசை எண் முறையாக நகர்கிறதா? விதிகள் சுவரில் எழுதியிருக்கின்றனவா, அல்லது முகப்பிடத்தில் இருப்பவரின் வாயில் மட்டும் இருக்கின்றனவா? அங்கே வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து, ஒரு நாள் விடுப்புக்கு எத்தனை கையெழுத்து வேண்டும், கடைசியாக எப்போது ஒரு விதியைத் திருத்தினார்கள் என்று கேளுங்கள். அரை மணி நேரப் பேச்சில் நிறையத் தெரிந்துவிடும்.

முடிவைச் சொல்லும்போது

பிள்ளையிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள். அதன் சம்மதத்தோடு பெற்றோரிடம். "பொருந்தாது" என்ற சொல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். "விதியில் நீ உறுதியாக இருக்கிறாய், நாள் முழுவதும் ஒரே வேலை என்றால் தளர்ந்துவிடுகிறாய். அப்படியென்றால் எந்த மேசை உனக்கு நல்லது என்று பார்ப்போம்" என்று பேசுங்கள்.

அதிக எண் எடுத்தவரையும் அப்படியே தட்டிக்கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். விதியில் தோய்ந்தவர்கள் காலப்போக்கில் விதி எதற்காக வந்தது என்பதையே மறந்து, விதியே குறிக்கோள் என்று ஆகிவிடக்கூடும் என்று அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940-இலேயே எச்சரித்தார். விதியில் 20-உம் முகம் பாராமையில் 20-உம் வந்த பிள்ளையிடம், தட்டில் இருந்த அந்தப் பரிதாபமான கடிதத்தைப் பற்றிக் கேளுங்கள். "தேதி கடந்துவிட்டது, நிராகரித்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறதா? "மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருப்பேன்" என்கிறதா? அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேச அதுதான் தக்க நேரம்.

அலுவலக வேலை மூளையை மழுங்கடிக்கும் என்று பயப்படும் பிள்ளைகளும் உண்டு. 1971-இல் மெல்வின் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 3,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டார். படிநிலை அமைப்புகளில் வேலை செய்தவர்கள் மற்றவர்களைவிடச் சுயமாகச் சிந்திப்பதை அதிகம் மதித்தார்கள், மாற்றத்தை ஏற்கும் மனம் உள்ளவர்களாகவும் இருந்தார்கள். வேலைப் பாதுகாப்பு, நல்ல வருமானம், சிக்கலான பணி ஆகியவையே காரணம் என்று அவர் விளக்கினார். இதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து பலர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 139-ஆம் பிரிவின்படி அமைந்த பொதுச் சேவை ஆணையம் ஆள் எடுப்பதற்குத் தன் சொந்தத் தேர்வுகளையும் நேர்காணலையும் வைத்திருக்கிறது. நம் தாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கே 90 எடுத்தாலும், ஐந்தாம் படிவத்தில் மலாய்மொழியில் கிரெடிட் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான தேர்ச்சி) இல்லையென்றால் பெரும்பாலான அரசாங்கப் பதவிகளுக்கு விண்ணப்பமே செல்லாது. ஆகவே மலாய்மொழியில் தடுமாறும் பிள்ளையோடு எண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல், அந்தப் பாடத்தின் தேர்வை மறுபடி எழுத அன்றைக்கே பதியச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனதும் அவர்களைக் கூப்பிட்டு அதே 20 கூற்றுகளை மறுபடியும் கொடுங்கள். பழைய எண்களைக் காட்டாமல் கொடுங்கள். அந்த வருடத்தில் எது ஏறியது, எது இறங்கியது, வேலை அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எந்த எண் எந்த மேசையில் நிலைக்கிறது என்று நம் ஊருக்கென்று ஒரு கணக்கு அதிலிருந்துதான் பிறக்கும். நோட்டில் பெயர் வேண்டாம், எண் மட்டும். பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். சாவி இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.